நன்னடத்தைப் பிணையில் விடுவிப்பு: மனு மாதிரி, உத்தரவு நகல் தேவை

வணக்கம் தோழர்களே. அடிதடி வழக்கு, இ.பி.கோ. 323. குற்றவாளி என்றுதான் தீர்ப்பு. ஆனால் தண்டனை விதிக்காமல், 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் 4-வது பிரிவின்கீழ் ஓராண்டுக்குப் பிணைமுறி எழுதி வாங்கி விட்டுவிட்டார்கள். அந்த ஓராண்டும் சிக்கலில்லாமல் முடிந்தது. அரசு வேலைக்கான போலீஸ் வெரிஃபிகேஷனில் மட்டும் இன்னும் 'தண்டனை பெற்றவர்' என்றே வருகிறது.

அதே சட்டத்தின் 12-வது பிரிவின்படி, குற்றவாளி என்ற தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது. அதற்காகத் தீர்ப்பே அழிந்துவிடாது. பக்ஷி ராம் வழக்கில் (1990) உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான். இது புரியாமல் 'வழக்கு இல்லை' என்று டிக் அடிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வழக்கை விட, மறைத்ததே பெரிய குற்றமாகிவிடும். எனவே இந்த விண்ணப்பத்தில் கிரைம் நம்பர், சி.சி. நம்பர் (நீதிமன்ற வழக்கு எண்), தீர்ப்புத் தேதி எல்லாம் எழுதி, தீர்ப்பின் சான்றிட்ட நகலும் இணைத்தாயிற்று.

இப்போது வேண்டியது: ஸ்டேஷன் பதிவில் '4-வது பிரிவில் விடுவிப்பு' என்று திருத்தக் கோரி எஸ்.பி.க்குக் கொடுத்த மனுவின் மாதிரி. 12-வது பிரிவை ஏற்று நியமனம் வழங்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு ஏதேனும். வேலை விண்ணப்பத்தில் வழக்கை மறைப்பது பற்றிய உச்ச நீதிமன்றத்தின் அவதார் சிங் தீர்ப்பு (2016) கையில் இருக்கிறது, அது வேண்டாம். பெயர், முகவரியை அடித்துவிட்டுப் போடுங்கள்.