அம்மாவின் ஆட்டைத் திவசத்தையொட்டித் தாய் சேய் நலத்துக்கு உதவ விரும்புகிறோம்: எதைக் கொடுப்பது?

வெருகல்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அம்மா திருகோணமலை மாவட்டத்து வெருகலில் பிறந்து வளர்ந்தவர். 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது எனக்கு இளைய தங்கை காட்டோரத்துக் கொட்டில் ஒன்றில் பிறந்து மூன்றாம் நாளே இறந்துபோனதை அம்மா கடைசிவரை மறக்கவில்லை. வரும் மாதம் அவருடைய ஆண்டு நினைவு நாளான ஆட்டைத் திவசம். சகோதரர்கள் நால்வரும் சேர்ந்து ஆறு இலட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறோம். பால்மா, பம்பஸ், குழந்தை உடுப்பு அடங்கிய பொதிகளை ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கத்துத் தாய்மாருக்குக் கொடுக்கலாம் என்று தம்பி சொல்கிறான். வைத்தியசாலை ஒன்றுக்கு, குறைமாதப் பிள்ளைகளை வெப்பத்தில் வைத்துக் காக்கும் இன்கியுபேற்றர் வாங்கிக் கொடுக்கலாம் என்கிறார் அக்கா. எது உண்மையில் பயன்படும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாயிருக்கும்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்

தம்பி, பால்மாவை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தாய்ப்பாலைப் பாதுகாப்பதற்காகத் தாய்ப்பால் மாற்றீடுகளின் விற்பனையையும் விளம்பரத்தையும் கட்டுப்படுத்தும் கோவை இலங்கையில் 1983ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. 2002இல் அது திருத்தப்பட்டது. இலவசமாகத் தரும் ரின் ஒரு வாரத்துக்குக்கூட வராது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் பிள்ளை மார்பைச் சூப்புவது குறைந்தால் பாலூறுவதும் குறைந்துவிடும். அதன்பிறகு அடுத்த ரின்னை வாங்க வழியில்லாத வீட்டில் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கரைப்பார்கள். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்த நாடு இது. அந்தப் பழக்கத்தை நல்ல மனத்தோடு கெடுத்துவிடக் கூடாது.

நமது நாட்டில் கிளினிக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் திரிபோஷாச் சத்துமாவும் பிரசவமும் இலவசம். ஆகவே ஏழைத் தாயைத் தடுப்பது மருந்தின் விலையன்று, பயணமே. ஈச்சிலம்பற்றில் பதிந்த ஒரு தாய்க்குப் பிறஷர் கூடியிருக்கிறது என்றோ, வயிற்றில் பிள்ளை வளர்ச்சி போதாது என்றோ கண்டால், மூதூர்த் தள வைத்தியசாலைக்கோ திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கோ துண்டு எழுதிக் கொடுப்போம். கணவர் கூலிக்கோ கடலுக்கோ போகிறவர். முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் பணம் அவருடைய நாட்சம்பளத்தை விழுங்கிவிடும், கூடவே போனால் அன்றைய வேலையும் இல்லை. அடுத்த கிழமை போகிறேன் மிஸ் என்பார்கள். அந்த அடுத்த கிழமைகளைத்தான் நான் என் சேவைக்காலம் முழுவதும் பயந்தேன். மாரியில் மகாவலி பெருகி வெருகல் வீதி மூழ்கும் நாட்களில், பேற்றுத் திகதியை நெருங்கிய தாயை முன்கூட்டியே நகரத்துக்குக் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். ஆனால் திட்டமிட்ட பயணத்துக்கும், துணைக்கு நிற்கும் தாயார் அல்லது மாமியாரின் சாப்பாட்டுக்கும், வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளைகளைப் பார்ப்பதற்கும் எனக்குத் தெரிந்த எந்தத் திட்டத்திலும் காசில்லை.

உபகரணத் திருத்துநர்

அக்காவின் யோசனையைக் குறித்து மட்டும் எழுதுகிறேன். யாரோ அன்போடு அனுப்பிய இன்கியுபேற்றர் ஒன்று, உதிரிப்பாகமும் திருத்தும் கைந்நூலும் இல்லாமல் களஞ்சியத்தில் துணி மூடிக் கிடந்ததை நானே கண்டிருக்கிறேன். இயந்திரத்தின் விலை செலவின் ஒரு பகுதிதான். அதை நம்பி ஒப்படைக்கத் தாதியும் தடையில்லாத மின்சாரமும் வேண்டும். மஞ்சட்காமாலைப் பிள்ளைகளை வைக்கும் நீல விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்கள் எரிந்துகொண்டேயிருக்கும், பார்வைக்குப் பழுதில்லை, ஆனால் பயன்தரும் ஒளியின் வலு எப்போதோ இறங்கியிருக்கும். அவற்றை மாற்றிக் கொடுப்பவரின் பெயரை யாரும் கல்லில் பொறிப்பதில்லை, அதனால் யாரும் கொடுப்பதுமில்லை.

எடை குறைந்த பிள்ளையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டி வைக்கும் கங்காரு முறை, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்கியுபேற்றர் போதாத நெருக்கடியில் தொடங்கியது. பிறந்தவுடனேயே அதைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அதற்கு வேண்டியவை நல்ல சாய்கதிரைகள், அணைத்துக் கட்டும் துணிகள், தாய் பல நாட்கள் தங்குவதற்கு இடமும் உணவும். எதை வாங்குவதானாலும் விடுதிப் பொறுப்பாளரிடம் கேட்டு, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஊடாக எழுத்தில் கோரிக்கை பெற்றபின் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து மருந்து கொண்டுவரும் எண்ணம் இருந்தால், மருந்துகளை ஒழுங்குபடுத்தும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனுமதி தேவைப்படும்.

கிண்ணியாவிலிருந்து

சகோதரரே, காசு தேவைப்படாத இரத்ததானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்றபின் ஏற்படும் கடும் குருதிப்போக்கு சில மணித்தியாலங்களுக்குள் ஒரு தாயைக் கொண்டுபோய்விடும். அந்நேரம் இரத்த வங்கியில் இருப்பதுதான் இருப்பு. 2014இலிருந்து இந்நாட்டின் இரத்தம் முழுவதும் தன்னார்வக் கொடையாளர்களிடமிருந்தே வருகிறது. 18 முதல் 60 வயது வரை உள்ள, 50 கிலோவுக்குக் குறையாத ஆரோக்கியமானவர்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். திவச நாளில் உறவினர் எல்லோரும் கூடுவார்கள் அல்லவா? அன்றே சேர்ந்து இரத்தம் கொடுக்கலாம். பொதி கொடுப்பதாயிருந்தால் பதாகை பிடித்துத் தாய்மாரை வரிசையில் நிறுத்திப் படமெடுக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

வெருகல்கரையான்

மிக்க நன்றி. பால்மாவை விட்டுவிட்டோம், அக்காவும் சாய்கதிரைக்குச் சம்மதித்துவிட்டார். பயணச் செலவுக்கான பணத்தை மட்டும் யாரிடம் ஒப்படைப்பது? குடும்பநல உத்தியோகத்தர்களான மிஸ்மாரிடம் கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்

வேண்டாம், அரச உத்தியோகத்தர் கையில் காசு கொடுத்து அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். அந்தக் கிராமத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பத்தோடு வையுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் எந்தத் தாய்க்கு எப்போது தேவை என்று மட்டும் சொல்லட்டும். சங்கம் வண்டிக்காரருக்கு நேரடியாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கட்டும். ஆறு இலட்சத்தையும் ஒரே மாதத்தில் முடித்துவிடாமல், பாதியையாவது மார்கழி வெள்ளத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள்.