கோத்தகிரி: தகரக் கூரை வேர்த்து உர மூட்டை நனைகிறது, என்ன வழி?

கேள்வி (கோத்தகிரி)
வணக்கம். தேயிலைத் தோட்டத்தில் 10க்கு 15 அடி சாமான் ஷெட். ஹாலோ பிளாக் சுவர், ஜிஐ தகரக் கூரை, சாதா சிமென்ட் தரை. யூரியா, பொட்டாஷ் மூட்டைகள், கவாத்து மெஷின், கத்திகள் எல்லாம் உள்ளேதான். மழையே இல்லாத தை மாதத்திலும் விடியற்காலையில் தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க நீர் கோத்து மூட்டைமேல் சொட்டுகிறது. யூரியா கட்டியாகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதுமா, இல்லை தெர்மோகோல் அடிக்கலாமா?

பதில் 1 (குன்னூர்)
மழை இல்லாமல் கூரை முழுக்கச் சொட்டினால் அது ஒழுகல் இல்லை, தகரம் வேர்க்கிறது. ஒழுகல் என்றால் மழைக்குப் பிறகு, ஸ்க்ரூ இருக்கும் இடத்திலும் ஷீட் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்திலும்தான் வரும்.

மேகமில்லாத பனி இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். 15 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 11.5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதில் பட்டாலும் நீர் விடும். ஃபேன் இழுப்பது வெளிக்காற்றை. தகரம் அதைவிடக் குளிர்ச்சி. ஆகவே ஃபேன் மட்டும் போட்டு இதை நிறுத்த முடியாது. உள்காற்று தகரத்தைத் தொடாதபடி செய்ய வேண்டும்.

தெர்மோகோல் வேண்டவே வேண்டாம். தகரத்தின் நெளிவுக்கும் அதற்கும் நடுவே காற்று புகுந்து, மறைவில் வேர்த்துக்கொண்டே இருக்கும், எலியும் குடைந்துவிடும். 10 மி.மீ. எக்ஸ்எல்பிஇ (பாலிதீன் நுரை) ஷீட், ஒரு பக்கம் அலுமினிய ஃபாயில், மறுபக்கம் பசை உள்ளதாக வாங்குங்கள். நல்ல வெயில் நாளில் மதியத்தில், தகரத்தைத் துடைத்து முழுக்கக் காய்ந்தபின், ஃபாயில் கீழே பார்க்க ஒட்டுங்கள். இணைப்புகளில் அலுமினிய டேப். பலரும் விட்டுவிடுவது இரும்புச் சட்டங்களை. தகரத்தோடு சேர்ந்து அவையும் குளிரும், அவையும் சொட்டும். மிச்சத் துண்டுகளை அவற்றின்மேல் சுற்றிவிடுங்கள்.

பதில் 2 (கொடைக்கானல்)
கூரையோடு தரையையும் பாருங்கள். 2க்கு 2 அடி பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் ஈரம் என்றால் மண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறது. மேலே ஈரம் என்றால் காற்றிலிருந்து.

யூரியா 20 டிகிரியில், ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுக்கும். மூடுபனி நாளில் மலையில் அது சாதாரணம். ஆகவே சாக்கின் உள்பை கிழியாமல், வாய் இறுகக் கட்டி வையுங்கள். கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் வைத்திருந்தால் யூரியா பக்கம் கொண்டுவராதீர்கள். சிந்தியது ஒன்றோடொன்று கலந்தால் வறண்ட காற்றிலும் கசிந்து கூழாகும்.

ஈரம் போகட்டும் என்று உள்ளே கேஸ் அடுப்பு எரிப்பது தலைகீழ் வேலை. 1 கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும்.

கேள்வி கேட்டவர்
நன்றி சார். தாளுக்கு அடியிலும் ஈரம் இருக்கிறது. தரையை உடைக்க இப்போது வசதி இல்லை.

பதில் 1 (குன்னூர்)
உடைக்க வேண்டாம். 250 மைக்ரான் பாலிதீன் தாளைத் தரை முழுக்க விரியுங்கள்; இணைப்பில் அரை அடி ஏறட்டும், சுவரோரம் அரை அடி மேலே மடியட்டும். அதன்மேல் 4 முதல் 6 அங்குல உயரப் பலகை, பிறகு மூட்டை. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளியே அடுக்குங்கள். பின்னாடி மேட்டுப்பக்கம் மண் சுவரில் அணைந்திருந்தால் முதலில் அதை வெட்டி, தரைமட்டத்துக்குக் கீழே வாய்க்கால் விடுங்கள். சரிவில் கட்டிய ஷெட்டுக்கு ஓதம் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

கதவு, ஜன்னலை வெயில் ஏறிக் காற்று காய்ந்தபின் திறந்து, மிஸ்ட் இறங்கும் முன் மூடுங்கள். காலை எட்டு மணிக்கே திறந்தால், இரவெல்லாம் குளிர்ந்த கத்தியிலும் மெஷினிலும் வெளிக்காற்று பட்டு வேர்க்கும். கத்திகளுக்குத் தனியாக ஒரு மூடிய மர அலமாரி, அதன் உள்ளே அடிப்பக்கம் 15 வாட் குண்டு பல்பு, மேலே ஓரிரு சின்னத் துளை. எல்இடி பல்புக்குச் சூடு போதாது.