மெல்பர்னுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? முதலில் ஒரு டீமைப் பிடியுங்கள்

மெல்பர்னில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே யாராவது ஒருவர் "நீங்க எந்த டீம்?" என்று கேட்பார். கிரிக்கெட்டையோ நாம் டிவியில் பார்க்கிற கால்பந்தையோ பற்றிய கேள்வி இல்லை அது. இங்கே ஃபுட்டி என்றால் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால், அதன் பெரிய லீக்தான் ஏஎஃப்எல். "எனக்கு அதெல்லாம் தெரியாது" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். சிட்டிசன்ஷிப் வாங்கி, வீடு கட்டி, பிள்ளை யூனிவர்சிட்டிக்குப் போன பிறகும் அதே பதிலைச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். வாடகை வீடு, லைசென்ஸ், ஸ்கூல் சோன் பற்றியெல்லாம் நிறையப் பேர் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: வந்த முதல் குளிர்காலத்திலேயே ஒரு டீமைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். ஆட்டம் பிடிக்கிறதா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த ஆட்டம் பிறந்ததே இந்த ஊரில்தான். 1858-ல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட்காரர், குளிர்காலத்தில் வீரர்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு ஃபுட்பால் கிளப் வேண்டும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருடம் மே மாதம் மெல்பர்ன் கிளப்காரர்கள் உட்கார்ந்து விதிகளை எழுதினார்கள். இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கம் 1863-ல்தான் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். மற்ற ஆட்டங்களெல்லாம் கப்பலில் வந்து இறங்கியவை, இது ஒன்றுதான் தங்கள் மண்ணில் முளைத்தது என்ற பெருமை இந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. அந்த ஆரம்ப ஆட்டங்கள் நடந்த பூங்காவை ஒட்டித்தான் இன்றைக்கு எம்சிஜி, அதாவது மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம், நிற்கிறது.

நம் ஆட்களுக்கு எம்சிஜி என்றால் கிரிக்கெட். 2022 டி20 உலகக் கோப்பையில் இந்தியா-பாகிஸ்தான் ஆட்டத்துக்கு 90,000 பேருக்கு மேல் நிரம்பிய அந்த ராத்திரியை யாரும் மறக்க மாட்டோம். ஆனால் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை அந்த மைதானம் ஃபுட்டிக்குச் சொந்தம். அந்த மைதானத்தை நடத்துகிற மெல்பர்ன் கிரிக்கெட் கிளப்பின் மெம்பர்ஷிப்புக்காகப் பிறந்த குழந்தையின் பெயரைப் பதிந்து வைத்து, அது வளர்ந்து ஆளாகும்வரை காத்திருக்கிற குடும்பங்கள் இங்கே உண்டு.

டீம்களின் பெயரைப் பாருங்கள்: ரிச்மண்ட், காலிங்வுட், கார்ல்டன், எசண்டன், ஹாதோர்ன். எல்லாம் சபர்ப், அதாவது புறநகர்ப் பகுதிகளின் பெயர்கள், ரயில் மேப்பைத் திறந்தால் பாதிக்கு மேல் ஸ்டேஷன் பெயராகவும் இருக்கும். தொழிற்சாலை வேலைக்காரர்களின் பேட்டை காலிங்வுட், பக்கத்திலேயே பகையாளி கார்ல்டன், என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலான கணக்கு இது. இன்றைக்கு அந்த சபர்ப்களில் ஒரு சின்ன வீட்டின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். அங்கிருந்த குடும்பங்கள் எப்போதோ தள்ளித் தள்ளிப் போய்விட்டன. வீடு போய்விட்டது, டீம் மட்டும் தாத்தாவிடமிருந்து பேத்திக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் "நான் காலிங்வுட்" என்றால், பெரும்பாலும் அவருடைய தாத்தாவோ பாட்டியோ எங்கே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறார். கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் கதை வரும். அலுவலகத்தில் வெறும் வானிலை பேசிக்கொண்டிருந்த ஆள் அன்றைக்குத்தான் மனிதராகத் தெரிவார்.

என் டீம் வெஸ்டர்ன் புல்டாக்ஸ். பழைய பெயர் ஃபுட்ஸ்கிரே. மேற்குப் பக்கத்து ஏழை சபர்ப்பின் டீம். 1989-ல் பணமில்லை என்று ஃபிட்ஸ்ராய் டீமோடு இணைத்துவிட லீக் முடிவெடுத்துவிட்டது. ரசிகர்கள் விடவில்லை. ஒரு ரசிகை கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்க, மற்றவர்கள் தெருவில் டப்பா குலுக்கிக் காசு சேர்த்து கிளப்பை மீட்டார்கள். அப்படிக் காப்பாற்றிய டீம் 2016-ல் பட்டியலில் ஏழாவது இடத்திலிருந்து ஏறி வந்து, 1954-க்குப் பிறகு முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அன்றைக்குக் கேப்டன் பாப் மர்ஃபி ஆடவில்லை, சீசன் தொடக்கத்திலேயே முழங்கால் போய்விட்டது. மேடையில் கோச் லூக் பெவரிட்ஜ் தன் கழுத்தில் போட்ட மெடலைக் கழற்றி, மர்ஃபியைக் கூப்பிட்டு அவர் கழுத்தில் போட்டார். இந்த ஊரில் அதைச் சொன்னால் இன்றைக்கும் கண் கலங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், அதில் நானும் ஒருவன்.

சரி, எந்த டீம்? வெர்ரிபி, டார்னீட், பாயிண்ட் குக் பக்கம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், புல்டாக்ஸ். வடக்கே கிரேகிபர்ன் பக்கம் என்றால் எசண்டன், அவர்கள் பயிற்சி செய்வதே டல்லமரீனில். கிளென் வேவர்லி, மல்கிரேவ் பக்கத்தில் ஹாதோர்ன் ரசிகர்கள் அதிகம், பல வருடம் அந்த டீம் மல்கிரேவில்தான் பயிற்சி செய்தது. ஆனால் இதெல்லாம் சட்டமில்லை. உங்களை முதலில் மனுஷனாக மதித்துப் பேசிய சகஊழியரின் டீம், பிள்ளையின் முதல் நண்பனின் டீம், எதுவானாலும் சரி. ஒரே ஒரு விஷயம், தேர்ந்தெடுத்த பிறகு மாற்றாதீர்கள். தோற்கும்போது ஓடிப்போகிறவரை இங்கே யாரும் மதிப்பதில்லை. செயின்ட் கில்டா 1966-ல் ஒரே ஒரு முறை, அதுவும் ஒரே ஒரு பாயிண்டில் கோப்பையை ஜெயித்த டீம். அதன் ரசிகர்கள் இன்னும் கழுத்தில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

விதிகள் பார்க்கப் பார்க்கப் புரியும். பக்கத்துக்கு 18 பேர், நாலு குவார்ட்டர், முட்டை வடிவப் பந்து. நடுவில் உள்ள உயரமான இரண்டு கம்பத்துக்கு இடையே உதைத்தால் 6, ஓரத்தில் போனால் 1. 15 மீட்டருக்குக் குறையாமல் உதைத்து வரும் பந்தைச் சுத்தமாகப் பிடித்தால் யாரும் தொட முடியாது, நின்று நிதானமாக உதைக்கலாம். அடுத்தவன் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பிப் பிடிப்பதைப் பார்க்கும்போது உங்களையறியாமல் எழுந்து நிற்பீர்கள்.

முதல் ஆட்டத்தை நேரில் பாருங்கள், டிவியில் வேண்டாம். மேற்கில் இருப்பவர்களுக்கு மார்வெல் ஸ்டேடியம் வசதி, சதர்ன் கிராஸில் இறங்கிப் பாலத்தைக் கடந்தால் வாசல், கூரையை மூடிவிடுவதால் மழைக் கவலையும் இல்லை. எம்சிஜி என்றால் ரிச்மண்டிலோ ஜோலிமண்டிலோ இறங்கிக் கூட்டத்தோடு நடக்க வேண்டியதுதான். ஜூலை ராத்திரி ஆட்டத்துக்கு இரண்டு அடுக்கு உடுப்பு, காதை மூடும் தொப்பி எல்லாம் கட்டாயம். எம்சிஜிக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம், புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், அங்கே விற்கிற இறைச்சி வைத்த மீட் பையும் சிப்ஸும் சைவக்காரர்களுக்குப் போதாது. இரண்டு டீம் ரசிகர்களும் கலந்துதான் உட்கார்வார்கள், நடுவில் வேலி கிடையாது. அம்மாக்கள், பாட்டிகள் கத்துகிற கத்தலைக் கேட்டால் ஆண்கள் மட்டும் பார்க்கிற ஆட்டம் என்ற நினைப்பு போய்விடும். 2017-லிருந்து பெண்கள் லீக்கும் தனியாக நடக்கிறது.

அலுவலகத்தில் டிப்பிங் நடத்துவார்கள், வாராவாரம் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டிச் சொல்கிற போட்டி. சேர்ந்துவிடுங்கள். திங்கட்கிழமை காலை பேச்சில் உங்களுக்கும் ஓர் இடம் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு ஆஸ்கிக் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கான வாராந்திரப் பயிற்சி. ஆளைப் பிடித்து மடக்குகிற டாக்கிள் கிடையாது, பயப்பட வேண்டாம். பெற்றோர் ஓரத்தில் நின்று பார்க்கிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்கு இங்கே நெருக்கமான பல குடும்பங்கள் அறிமுகமானார்கள். சனிக்கிழமை முழுக்க டியூஷன் என்று பிள்ளையைக் கட்டிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பள்ளி மைதானத்தில் மதிய இடைவேளையில் எல்லாரும் பந்து உதைக்கும்போது நம் பிள்ளை மட்டும் ஓரமாக நிற்க வேண்டுமா?

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1993-ல் விக்டோரியா பார்க் மைதானத்தில் ஆட்டம் முழுக்க இனவெறி வசைகளைக் கேட்ட நிக்கி வின்மார் என்ற பூர்வகுடி வீரர், ஜெயித்த பிறகு ஜெர்சியைத் தூக்கித் தன் கருப்புத் தோலைச் சுட்டிக் காட்டி நின்றார். அதன் பிறகு விதிகள் வந்தன. ஆனாலும் ஆடம் கூட்ஸ், அவரும் பூர்வகுடி வீரர், லீக்கின் சிறந்த வீரருக்கான பிரௌன்லோ மெடலை இரண்டு முறை வாங்கியவர், 2014-ல் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியராகத் தேர்வானவர், அவரையே மைதானம் மைதானமாகக் கூச்சலிட்டு விரட்டி, 2015-ல் ஓய்வுபெற வைத்தார்கள். ஏஎஃப்எல்லும் 18 கிளப்புகளும் மன்னிப்புக் கேட்டது 2019-ல். இந்த ஊரின் நல்லதும் கெட்டதும் இந்த ஆட்டத்தில்தான் முதலில் வெளியே தெரியும். ஸ்டாண்டில் உங்கள் காதில் தப்பாக ஏதாவது விழுந்தால் பேசாமல் இருக்காதீர்கள், புகார் சொல்ல ஸ்டேடியத்திலேயே வழி இருக்கிறது.

இன்னொன்று, பந்தயம். ஆட்டத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பெட்டிங் விளம்பரம். 2023-ல் பீட்டா மர்ஃபி தலைமையிலான நாடாளுமன்றக் குழு, ஆன்லைன் சூதாட்ட விளம்பரங்களைப் படிப்படியாக முழுவதும் தடை செய்யச் சொன்னது, அந்த அளவுக்குப் பிரச்சினை இருக்கிறது. அலுவலக டிப்பிங் வேறு, ஃபோனில் ஆப் இறக்கிப் பணம் கட்டுவது வேறு. தனியாக வந்திருக்கிற இளைஞர்கள், மாணவர்கள், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சிட்னிக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. அங்கே ரக்பி லீக். ஃபுட்டி, ரக்பி என்று நாட்டை இரண்டாகப் பிரிக்கும் இந்த எல்லைக்கு ரான் பராசி என்ற பெரிய ஆட்டக்காரர் பெயரால் பராசி கோடு என்று 1978-லிலேயே ஒரு வரலாற்றுப் பேராசிரியர் பெயர் வைத்தார். சிட்னி ஸ்வான்ஸ்கூட 1982-ல் சவுத் மெல்பர்னிலிருந்து போன டீம்தான். பிரிஸ்பேன், அடிலெய்ட், பெர்த் பற்றி அங்கே இருப்பவர்கள் கீழே எழுதுங்கள்.

கடைசியாக, செப்டம்பர் கடைசி வாரத்தைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். லீக்கின் இறுதி ஆட்டமான கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை 2015-லிருந்து விக்டோரியாவில் அரசு விடுமுறை. அன்றைக்கு வீரர்கள் ஊர்வலம், ஊர்த் திருவிழாவில் சாமி புறப்பாடு மாதிரிக் கூட்டம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சீக்கிரமே போய் முன்னால் இடம் பிடியுங்கள். ஃபைனல் டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு, அதனால் யார் வீட்டிலாவது பார்பிக்யூவுக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள், ஒரு தட்டு வடை எடுத்துக்கொண்டு போங்கள். எந்த சபர்ப்பில் இருக்கிறீர்கள் என்று சொன்னால் எந்த ஆட்டத்துக்கு எப்படிப் போவது, எங்கே உட்காரலாம் என்று சொல்கிறேன். புல்டாக்ஸ் ஆட்டம் என்றால் கூடவே வருகிறேன்.