தேவ அழைப்பைத் தேடிய நாட்களில், இன்றும் உங்களை விடாத ஒரு தருணம்

ஒலிவக்கிளை:
வாலிபர் முகாமின் கடைசி இரவு எப்படியிருக்கும் என்பதை இங்குள்ளவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. முழுநேர ஊழியத்திற்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னே வரலாம் என்று செய்தியாளர் அழைத்தார். ஒரே பல்லவி திரும்பத் திரும்பப் பாடப்பட்டுக்கொண்டிருந்தபோது, என் பக்கத்தில் முழங்காலில் நின்ற தோழி என் தோளை ஊன்றி எழுந்து போனாள். அவளுடைய கை விலகிய நொடியில் என் நெஞ்சு படபடத்தது, உள்ளங்கைகள் வியர்த்தன. ஆனாலும் நான் எழவில்லை. ஆண்டவர் என்னைத் தொட்டதால் வந்த நடுக்கமா, தோழி போய்விட்டாளே என்ற தவிப்பா என்று இன்றுவரை எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. நான் செவிலியர் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். நோயாளியின் படுக்கையருகே நிற்கும்போது இதுவே என் இடம் என்று உறுதியாகத் தோன்றுகிறது. ஜெபிக்க அமர்ந்தாலோ அந்தக் கையின் பாரம் மறுபடியும் தோளில் இறங்குகிறது. இப்படிப்பட்ட தருணம் உங்களில் யாருக்கேனும் உண்டா?

நடுப்பகல்:
எனக்கு உண்டு. வேதாகமக் கல்லூரியா, வேலையா என்று தெரியாமல் இருந்த நாட்களில், வேதத்தில் இஸ்ரவேலை மீட்க அழைக்கப்பட்ட கிதியோன், தேவனிடம் அடையாளம் கேட்டுக் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டதுபோல நானும் ஓர் அடையாளம் கேட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் நியமனக் கடிதம் வந்தால் வேலை, வராவிட்டால் கல்லூரி. வெள்ளிக்கிழமை, அலுவலக நேரமெல்லாம் முடிந்த பிறகு, மின்னஞ்சலில் கடிதம் வந்தது. கேட்டது கிடைத்துவிட்டது என்று ஸ்தோத்திரம் சொல்லவேண்டிய அந்த நிமிடத்தில், அலுவலகம் மூடிய பின் வந்த கடிதம் வெள்ளிக்கிழமைக் கணக்கில் சேருமா என்று என் மனம் வழக்காடத் தொடங்கியது. வேலையில் சேர்ந்தேன், கர்த்தர் அங்கே என்னைக் கைவிடவில்லை. மகனை இழந்த சக ஊழியர் ஒருவர், தமக்காக ஜெபிக்கும்படி கேட்டு என் மேசையைத் தேடி வந்தார். ஆயினும், பதில் கையில் இருக்கும்போதே என் மனம் ஏன் வழக்காடியது என்ற கேள்வி தீரவில்லை.

எம்மாவு வழி:
சகோதரர் நடுப்பகல் அவர்களுக்கு அன்போடு ஒரு மறுப்பு. நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரத்தை வரிசையாக வாசித்துப் பாருங்கள். கிதியோன் தோலைப் போடுவதற்கு முன்பே அவனுடைய அழைப்பு தெளிவாகச் சொல்லப்பட்டாயிற்று. “நீர் சொன்னபடி” என்று அவனே ஒப்புக்கொண்டுதான் அடையாளம் கேட்கிறான், அதுவும் இரண்டு முறை. தேவன் அவனுடைய பயத்தைப் பொறுத்துக்கொண்டார் என்பதற்கு அது சாட்சியே தவிர, தெரியாத சித்தத்தைக் கண்டுபிடிக்க நமக்குத் தரப்பட்ட முறையல்ல. உங்கள் மனம் வழக்காடியதில் எனக்கு வியப்பில்லை.

என் அனுபவம் சிறியது. ஒரு மிஷனரி அமைப்பு என் உடல்நிலையைக் காரணம் காட்டி என்னை ஏற்கவில்லை. நேர்காணல் செய்த மூதாட்டி என் கோப்பை மூடிவிட்டு, “தம்பி, உன்னை அழைத்தவர் இந்தக் கோப்புக்குள் இல்லை” என்றார். அன்று அது எனக்கு ஆறுதலாக இல்லை.

பின்னர்தான் அப்போஸ்தலர் 16-ஐ வேறு கண்களோடு வாசித்தேன். ஆசியாவில் வசனத்தைச் சொல்லாதபடி பவுல் தடுக்கப்படுகிறார், பித்தினியாவுக்கும் வழி கிடைக்கவில்லை. துரோவாவில், தங்கள் நாட்டுக்கு வந்து உதவும்படி கேட்ட ஒரு மக்கெதோனியனைத் தரிசனத்தில் கண்ட பிறகும், அவர் தனியாக அல்ல, உடன் இருந்தவர்களோடு சேர்ந்தே நிச்சயித்துக்கொண்டு புறப்படுகிறார். மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் சீனாவுக்குப் போகவே ஆயத்தப்பட்டார். 1839-இல் தொடங்கிய அபினிப் போர் அந்த வழியை அடைத்ததால், 1841-இல் தென்னாப்பிரிக்காவில் போய் இறங்கினார். ஆகவே சகோதரி ஒலிவக்கிளை முதலில் படிப்பை முடிக்கவேண்டும். தன்னை நெடுநாள் அறிந்த மூப்பர்களிடம் பேசவேண்டும். நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளாமல், அது பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் என்பதையும், அங்கே வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்று 5-ஆம் வசனம் சொல்வதையும், விடுதலைக்கு 70 வருஷம் குறிக்கப்பட்டிருந்ததையும் சேர்த்து வாசிக்கவேண்டும். படுக்கையருகே நிற்பதும் ஊழியமே. முகாமில் எழுந்து போகிறவர்களுக்கு மட்டுமே அழைப்பு உண்டு என்ற எண்ணத்தை நம் சபைகள் வளர்த்துவிட்டன. அது என்னை மிகவும் வருத்துகிறது.

குருத்து:
எம்மாவு வழி அவர்களே, சகோதரி கேட்டது அனுபவம். நீங்கள் தந்திருப்பது ஒரு பாடத்திட்டம். நான் கத்தோலிக்கப் பெண். நாங்கள் இதை இறையழைத்தல் என்போம். துறவு வாழ்வைப் பற்றி ஓர் அருட்தந்தையிடம் பேசப் போனபோது, அவர் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரைப் பற்றிச் சொன்னார். 1521-இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து படுத்திருந்தவர், வீரதீரக் கனவுகளும் புனிதர்களைப் பின்பற்றும் கனவுகளும் ஒருபோலவே இனித்தாலும், முன்னவை கலைந்ததும் வறட்சியும் பின்னவை கலைந்த பிறகும் மகிழ்ச்சியும் தங்குவதைக் கவனித்தாராம். பிறகு அருட்தந்தை, “துறவு மடத்தில் உன்னைக் கற்பனை செய்த நாளின் மாலையில் உன் உள்ளம் எப்படி இருந்தது?” என்று கேட்டார். நான் உடனே, “நன்றாக இருந்தது, சுவாமி” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். கேள்வியை அவர் மறுபடி கேட்கவே இல்லை, ஆனால் நான் அதற்குப் பதில் சொல்லிவிட்டதாகவும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஒலிவக்கிளை, அந்த இரவின் படபடப்பைவிட, மறுநாள் மாலையில் உங்களுக்குள் என்ன இருந்தது என்று அறியவே நான் விரும்புகிறேன்.

சீலோ:
இங்கே எல்லோரும் அழைப்பு நேரடியாகத் தங்களிடம் வரும் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறீர்கள். எனக்கு அது என் தாயார் வழியாக வந்தது. வேதத்தில் தன் மகன் சாமுவேலைப் பிறக்குமுன்னே கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்ட அன்னாளைப்போல, நான் பிறப்பதற்கு முன்பே என்னை ஊழியத்திற்கென்று பொருத்தனை பண்ணியிருந்தார்கள். நான் பொறியியல் சேர்க்கைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வாரத்தில்தான் அதை என்னிடம் சொன்னார்கள். இறையியல் கல்லூரியின் விண்ணப்பப் படிவம் அவர்களுடைய கையெழுத்திலேயே நிரப்பப்பட்டு, என் கையொப்பத்திற்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. “அன்னாள் பொருத்தனை பண்ணினது உண்மைதான் அம்மா, ஆனாலும் கர்த்தர் பிற்பாடு சாமுவேலைத் தாமே பெயர் சொல்லிக் கூப்பிட்டாரே” என்றேன். அதற்கு அம்மா, “சாமுவேல் ஆலயத்தில் படுத்திருந்தான். நீ எங்கே படுத்திருக்கிறாய்?” என்று கேட்டார்கள்.

அவர்கள் கோபத்தோடு கேட்கவில்லை என்பதே என்னை அதிகமாகக் கலங்கவைக்கிறது. விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்குகிறது. பெற்றோரின் பொருத்தனையோடு வளர்ந்தவர்கள் இங்கே இருந்தால், நீங்கள் உங்கள் பெற்றோரிடம் என்ன சொன்னீர்கள் என்பதை எழுதுங்கள்.