புதுப்பிப்பு: எங்கள் தெருப் பிள்ளைகளின் மணல் படம்

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான மணவாளக்குறிச்சிப் பக்கம் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு வீட்டு சிமெண்ட் முற்றத்தில் மணலால் படம் போட, வீட்டுக்காரர் விரட்டிவிட்டார், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

நேரில் போய்ப் பேசினேன். மணல் வழுக்கி அவருடைய வயசான அம்மா விழுந்துவிடுவாரோ என்ற பயம்தான் அவருக்கு. நியாயம்தான். இப்போது எதிர்வீட்டு அக்கா சாயங்காலத்தில் தன் கார் ஷெட்டைக் கொடுக்கிறார், முடிந்ததும் பிள்ளைகளே பெருக்கிவிட வேண்டும்.

சரி, படத்துக்கு வருகிறேன். இந்தக் கரையில் இல்மனைட் என்ற கனமான தாது மணல் கறுப்பாகவும், கார்னெட் என்ற இன்னொன்று சிவப்பாகவும் கிடக்கும். அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு கனமானதை வரிவரியாக விட்டுப்போகும். பிள்ளைகள் அந்த வரியை மட்டும் சிரட்டையால் மேலாகச் சுரண்டி எடுக்கிறார்கள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை! நேற்று ஒரு சின்னப் பெண் மடக்கிய கைவிரலிடுக்கில் கறுப்பை ஒழுகவிட்டு வள்ளம் வரைந்தாள், அலைக்கு மணலே போடாமல் வெறும் சிமெண்டை விட்டுவிட்டாள்.

போட்டி வைத்துப் பரிசு கொடுக்கலாம் என்று சிலர் சொன்னீர்கள். எனக்கு மனசில்லை. மார்க் போட ஆள் இல்லாததால்தான் பாதி மீனைக் கலைத்துவிட்டு அதே மணலில் பஸ் போடுகிறார்கள். இடம் கிடைத்தால் போதும், அப்புறம் அவர்கள் பாடு.