துணை பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆவதில்லை: இணைப்பில் கோளாறா, குளிரா?

கேட்டவர், கோத்தகிரி:
வணக்கம். வீட்டுக் கொட்டகையில் நான் கட்டிவரும் இரண்டு இருக்கை விமானத்தில், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் நின்றுபோனாலும், எரிபொருளைப் பற்றவைக்கும் மின்னணு இக்னிஷன் இயங்க வேண்டும் என்பதற்காக, 7 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) துணை பேட்டரி ஒன்றை, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சிலிக்கான் டையோடு வழியாக முதன்மை பேட்டரியோடு இணைத்திருக்கிறேன். எஞ்சினைத் தரையில் ஓட்டும்போது முதன்மை பேட்டரியில் 13.8 வோல்ட் காட்டுகிறது; ஆனால் துணை பேட்டரியோ, ஓர் இரவு ஓய்வுக்குப் பின் 12.4 வோல்ட்டைத் தாண்டுவதில்லை. எஞ்சின் நின்றிருக்கையில் அதிலிருந்து எந்தக் கருவியும் மின்சாரம் இழுக்கவில்லை. கொட்டகையின் காலைக் குளிர்தான் காரணமா?

மறுமொழி, கோயம்புத்தூர்:
ஐயா, குளிருக்கும் பங்கு உண்டு; ஆனால் முதல் குற்றவாளி டையோடுதான். சிலிக்கான் டையோடில் ஏறத்தாழ 0.7 வோல்ட் இழப்பாகும் என்பதால், துணை பேட்டரிக்குப் போய்ச் சேருவது 13.1 வோல்ட் மட்டுமே. ஏஜிஎம் பேட்டரியை நிரம்பிய நிலையில் வைத்திருக்கவே 13.5 முதல் 13.8 வோல்ட் வரை வேண்டும். குறைந்ததை நிரப்ப 14.4 வேண்டும். அதுவும் 25 டிகிரி வெப்பத்தில்! ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 0.02 வோல்ட் கூடுதலாகத் தேவைப்படும் என்பதால், உங்கள் ஊரின் 10 டிகிரிக் காலையில் அது 14.7-ஐ எட்டும். அதற்காக, ஆல்டர்நேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை உயர்த்திவிடாதீர்கள். சமவெளி வெயிலில் முதன்மை பேட்டரி கெட்டுவிடும்.

கேட்டவர்:
டையோடின் இருபுறமும் அளந்தேன், 13.8, 13.15. அதை நீக்கி நேரடியாக இணைக்கலாமா? கூரையில் சோலார் பேனல் வைத்தால் பயன்படுமா?

மறுமொழி, குன்னூர்:
நேரடியாக இணைக்கவே கூடாது. முதன்மைப் பக்கத்தில் ஷார்ட் ஏற்பட்டால் துணை பேட்டரியும் அதே வழியில் காலியாகிவிடும்; பிறகு அது இருந்தும் பயனில்லை. ஷாட்கி டையோடு போட்டால் இழப்பு 0.3 அல்லது 0.4 வோல்ட்டாகக் குறையும். அதுவே போதும் என்பது என் கருத்து. சோலார் பேனலை மறந்துவிடுங்கள்: கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அந்த மாதங்களில் வெயிலை எங்கே தேடுவது? கொட்டகையில் மின் இணைப்பு இருக்கும்போது, வெப்பநிலைக்கேற்ப வோல்ட்டை மாற்றிக்கொள்ளும் சிறிய சார்ஜரே நல்லது.

மறுமொழி, கோயம்புத்தூர்:
ஷாட்கி போட்டாலும் கிடைப்பது 13.4 அல்லது 13.5 தான்; குளிரில் அது போதாது. முதன்மைப் பக்கம் 13.3 வோல்ட்டைத் தாண்டும்போது மட்டும் இரண்டையும் இணைத்து, கீழே இறங்கியதும் பிரித்துவிடும் ரிலேயையும், அதைக் கையால் துண்டிக்க ஒரு சுவிட்சையும் வைப்பதே என் தேர்வு.

அதற்கு முன், சார்ஜரில் முழுதாக ஏற்றிய துணை பேட்டரியில் 55 வாட் ஹெட்லைட் பல்பை எரியவிட்டு, 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 7 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரத்தில், அதாவது 0.35 ஆம்பியர் வீதத்தில் எடுக்கும் கணக்கு. நாலரை ஆம்பியர் இழுக்கும் அந்த பல்புக்கு அவ்வளவும் கிடைக்காது. அந்த நிலையிலும் நிமிடங்கள் மிகக் குறைவாக வந்தால், அரைகுறைச் சார்ஜில் நெடுநாள் கிடந்ததில் தகடுகளில் சல்பேட் படிந்துவிட்டது என்று கொண்டு, பேட்டரியையே மாற்றிவிடுங்கள். ரிலேக்குப் போகும் கம்பியில், ஒவ்வொரு பேட்டரியின் முனைக்கருகிலும் தனித்தனி ஃபியூஸ் இருக்கட்டும்.