மாஸ்கிங் = இயல்மறைப்பு?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆட்டிசமுள்ள இளைஞர்கள் காதலிக்க, துணை தேடத் துணிந்து இறங்குவது பற்றிச் சேலத்தில் நாங்கள் சிலர் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். டேட்டிங்கை டேட்டிங் என்றே விட்டுவிட்டோம். அஞ்சு ரோட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். சிக்கல் மாஸ்கிங் என்ற சொல்லைத் தமிழாக்குவதில்தான். ஆட்டிசமுள்ளவர் தம் இயல்பை மறைத்து மற்றவர்களைப் போல் நடந்துகொள்வதைத்தான் மாஸ்கிங் என்கிறார்கள்.

காபிக் கடை இரைச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது, கையை ஆட்டத் தோன்றினால் அடக்குவது, எதிரே இருப்பவரின் கண்ணை அவ்வப்போது கவனமாகப் பார்ப்பது, அவர் சிரித்தால் தானும் சிரிப்பது எல்லாம் இதில் அடக்கம். இதற்குப் 'பாசாங்கு' போதும் என்று போன மடலில் அக்கா எழுதியிருந்தார். வேண்டாம் என்பேன். பாசாங்கு செய்பவர் ஏமாற்றுகிறார். இவர்களில் பலர் கேலிக்கும் திட்டுக்கும் பயந்து சின்ன வயதிலேயே இதைப் பழகியவர்கள். தாம் இப்படிச் செய்கிறோம் என்பதே சிலருக்குத் தெரிவதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் "பாசாங்கு செய்தேன்" என்று ஒருவர் உண்மையைச் சொன்னால் சம்பந்தமே முறிந்துவிடும். 'முகமூடியிடல்' அதைவிட மோசம், திருடன்தான் நினைவுக்கு வருகிறான்.

உயிரியலில் உருமறைப்பு என்ற சொல் வேரூன்றிவிட்டது. இலைப்பூச்சியை யாரும் பொய்க்காரன் என்பதில்லை. அதே அச்சில் 'இயல்மறைப்பு' என்று வைத்தால் என்ன? வினைக்கு இயல்மறைத்தல், எதிர்ச்சொல்லுக்கு மறைப்புக் களைதல். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

"மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காடு போனோம். அண்ணா பூங்காக் கூட்டத்தில் இயல்மறைத்தபடியே அவளோடு சுற்றினேன். மறுநாள் முழுக்கப் படுக்கைதான்."

"முதல் சந்திப்புக்குத் தட்டுவடை செட் கடை நல்லது. பக்கத்தில் பக்கத்தில் நின்று சாப்பிடுவதால் கண்ணைப் பார்க்கும் கட்டாயம் இல்லை. வாய் நிறையத் தட்டுவடை இருக்கையில் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதும் இல்லை. இயல்மறைப்புக்குத் தேவை குறையும்."

அப்புறம், ஆட்டிசத்தை விளக்கும் பத்தியில் 'குறிப்பறியாமை', அதாவது அடுத்தவர் சொல்லாமல் உணர்த்துவது பிடிபடாமை, என்று எழுதலாமா என்ற கேள்வி. அப்படியே எழுதினால் பழி ஒரு பக்கம் மட்டும் விழும். ஆட்டிசமுள்ள ஆய்வாளர் டேமியன் மில்ட்டன் 2012இல் எழுதியது இதைத்தான்: ஆட்டிசம் இல்லாதவருக்கும் ஆட்டிசமுள்ளவரின் மனம் பிடிபடுவதில்லை. எனவே 'இருவழிக் குறிப்பறியாமை' என்றால் சரி. கையேட்டின் யோசனையும் அதை ஒட்டியதுதான். குறிப்பால் உணர்த்திவிட்டுக் காத்திருக்க வேண்டாம், "உங்களைப் பிடித்திருக்கிறது, மறுபடி பார்க்கலாமா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அதையும் நேராகவே எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பதில் மடல்:

தம்பி, பாசாங்கை நான் திரும்பப் பெறுகிறேன். இயல்மறைப்பு பிடித்திருக்கிறது, ஆனால் அதை மாஸ்கிங்குக்குச் செலவழிக்காதீர்கள். இதை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கேள்வித்தாளில் கேமஃபிளாஜிங்தான் பொதுச்சொல், நீங்கள் சொன்ன உருமறைப்புக்கான அதே ஆங்கிலச் சொல். அதற்குள் மூன்று கூறுகள். பேச்சையும் முகபாவத்தையும் மற்றவர்களைப் பார்த்துப் படித்து வைத்துக்கொள்வது ஒன்று, 'ஈடுசெய்தல்' எனலாம். தன் இயல்பு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளும் மாஸ்கிங் இரண்டாவது. கூட்டத்தோடு கூட்டமாக ஒட்டிக்கொள்ள முயல்வது மூன்றாவது, 'ஒத்துப்போதல்'. உருமறைப்பைப் பார்த்துச் செய்த சொல்லைப் பொதுச்சொல்லுக்கே கொடுங்கள். மாஸ்கிங்குக்கு வெறும் 'மறைத்தல்' போதுமே.

இன்னொன்று. "இயல்மறைத்தபடியே சுற்றினேன்" என்று எந்தப் பையன் பேசுவான்? எனக்குத் தெரிந்த ஏற்காட்டுப் பையன் ஒருவன், "சாயங்காலம் வரைக்கும் நார்மலா இருந்துட்டேன்க்கா, இனி முடியாது" என்பான். கலைச்சொல் விளக்கப் பத்தியில் இருக்கட்டும். மேற்கோள் வாக்கியத்தில் அவன் சொல்வதையே போடுங்கள். அச்சுக்குப் போகும் முன் இந்தப் பக்கங்களை அவனைப் போன்ற நாலு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். என்னிடம் கேட்பதைவிட அது உருப்படி.